பேட்டரிக்கும் வில்லங்கம் பார்க்கணும்

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆவண எழுத்தர்களில் நானும் ஒருவன். இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். முதலில் கையால், அப்புறம் டைப்ரைட்டர், இப்போது லேப்டாப். பத்திரம் எழுதுகிறவனுக்குப் பேட்டரியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்டால் ஒரே பதில்தான்: கொட்டகைக்கு இன்வெர்ட்டர் கிடையாது.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் லேப்டாப் பேட்டரி மாற்றி 14 மாதம் ஆகிறது. வாங்கிய மறுநாளே 'சூப்பர், ஐந்து நட்சத்திரம்' என்று எழுதுகிறவர்களை நம்பி ஒருமுறை ஏமாந்தவன் நான். அதனால் ஒரு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது என்று வைத்திருந்தேன். ஐந்துக்கு நாலு போடுவேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

முதலில் ஏமாந்த கதை.

2018இல் பதிவுத்துறை ஸ்டார் 2.0 என்ற இணையவழிப் பதிவு மென்பொருளுக்கு மாறியதிலிருந்து ஆவண விவரத்தை இணையத்தில் ஏற்றி, டோக்கன் போட்டு, அந்த நேரத்துக்குள் தயாராக இருக்க வேண்டும். 2024 ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். ஒரு பாட்டி பேரனுக்கு வீட்டைத் தான செட்டில்மெண்ட் எழுதிவைக்க வந்திருந்தார். பதினொன்றரைக்கு டோக்கன். பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. லேப்டாப் 38 சதவீதம் காட்டியது. தாராளம் என்று சொத்து விவரத்தை அடித்துக்கொண்டிருந்தேன். நான்கெல்லையில் மூன்று முடிந்துவிட்டது. 'பொதுத் தெருவுக்கு வட' வரை வந்திருப்பேன், திரை அணைந்துவிட்டது. 38 சதவீதத்திலிருந்து நேராகப் பூஜ்யம். பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, வீடு போயிடுச்சா?"

வீடு போகவில்லை, அரை மணி நேரம் போனது. பக்கத்துக் கொட்டகைக்காரர் லேப்டாப்பில் உட்கார்ந்து மறுபடி அடித்து, டோக்கன் நேரத்துக்குள் ஓடிச் சேர்ந்தோம்.

அப்போது லேப்டாப்பில் இருந்தது ஏழு மாதத்துக்கு முன் ஆன்லைனில் 1,650 ரூபாய்க்கு வாங்கிய பேட்டரி. எந்தத் தளம், எந்த விற்பனையாளர் என்பது வேண்டாம். 2020இல் லேப்டாப்போடு வந்த ஒரிஜினல் பேட்டரி மூன்று வருடம் உழைத்துவிட்டுக் களைத்துப்போக, அதற்குப் பதிலாக நானே ஸ்க்ரூ கழற்றி மாட்டியது இது. மாட்டும்போது பெருமையாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அந்தப் பேட்டரிக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஒரே ஒரு கட்டளை அடித்தால் 'பேட்டரி ரிப்போர்ட்' என்று ஒரு பக்கம் தயாராகும். எங்கள் தொழிலில் வில்லங்கச் சான்று எப்படியோ அப்படித்தான் இதுவும். டிசைன் கபாசிட்டி என்றால் பிறக்கும்போது எவ்வளவு. ஃபுல் சார்ஜ் கபாசிட்டி என்றால் இன்றைக்கு எவ்வளவு. சைக்கிள் கவுண்ட் என்றால் இதுவரை எத்தனை சுற்று. வாராவாரம் எவ்வளவு தேய்ந்தது என்றுகூட வரிசையாகக் காட்டும்.

என் பேட்டரிக்கு வந்த சான்று: டிசைன் 41,040 மில்லி வாட் அவர். இன்றைய கொள்ளளவும் 41,040. சைக்கிள் கவுண்ட் பூஜ்யம். ஏழு மாதம் தினமும் அடித்து நொறுக்கிய பேட்டரிக்குப் 'பதிவுகள் ஏதும் இல்லை' என்று சான்று! முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டு ஒரு வரியும் வரவில்லை என்றால் சந்தோஷப்படுபவர் சொத்து வாங்குகிறவர். தாய்ப்பத்திரத்தை மறுபடி எடுத்துப் பார்க்கிறவன் ஆவண எழுத்தர். அந்தப் புத்தி பேட்டரி விஷயத்தில் ஏழு மாதம் தாமதமாக வந்தது. மட்டமான பேட்டரிகள் சிலவற்றில் உள்ளே இருக்கும் கணக்குப்பிள்ளை சிப் எதையும் எழுதுவதே இல்லை. எப்போது பார்த்தாலும் புதுசு மாதிரியே சாதிக்கும். பட்டாவில் 40 சென்ட், அளந்தால் 18 சென்ட்.

ரெண்டு நாள் கழித்து டச்பேட் அழுந்தவில்லை. விரல் வைத்தால் கல் மாதிரி இருந்தது. லேப்டாப்பை மேசையில் வைத்தால் ஒரு காலில் ஆடியது. ஊருக்கு வந்திருந்த மகள் பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் சார்ஜரைப் பிடுங்கினாள். "அப்பா, பேட்டரி உப்பியிருக்கு. முதல்ல ஆஃப் பண்ணுங்க. இனிமே இதுல சார்ஜ் போடாதீங்க."

இப்போதைய மெலிசான லேப்டாப்களில் இருப்பது பெரும்பாலும் பை மாதிரியான லித்தியம் பாலிமர் செல். அலுமினியத் தகடு ஒட்டிய மெல்லிய உறைதான் அதற்குச் சட்டை. உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டானால் வெளியே போக வழியில்லாமல் உறை உப்பும். பேட்டரி பெரும்பாலும் டச்பேடுக்குக் கீழேயே படுத்திருப்பதால் முதல் சமிக்ஞை அங்கேதான் வரும். டச்பேட் இறுகினாலோ, மூடி சரியாக மூடவில்லை என்றாலோ, அடிப்பலகை பிளவு விட்டாலோ, அதை அழுத்திச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. ஊசியால் குத்திக் காற்றை இறக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரோடு சகவாசமே வைத்துக்கொள்ளாதீர்கள்.

நான் செய்த அடுத்த தப்பு, உப்பிய பேட்டரியை உள்ளேயே வைத்துக்கொண்டு சோழன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பியது. கடையில் இதற்காகத் திட்டு வாங்கினேன்.

எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் ரிச்சி தெரு பக்கம்தான். மெட்ரோவில் வருகிறவர்களுக்கு அரசினர் தோட்டம் ஸ்டேஷன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தெருவில் கால் வைத்தவுடன் "சார், லேப்டாப்பா? பேட்டரியா? சார்ஜரா?" என்று ஆளாளுக்கு இழுப்பார்கள். மகளுடன் படிக்கும் பையன் சொல்லியிருந்த கடைக்கு இழுக்க ஆளே இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய மாடிப்படி, மேலே பத்துக்கு எட்டில் ஓர் அறை. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டுதான் பேசுவார். வேலை செய்வது ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம்.

லேப்டாப்பைக் கையில் வாங்கியவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. மேசைமேல் தட்டையாக வைத்து, ஒரு மூலையை விரலால் தட்டினார். ஆடியது.

"எங்கிருந்து வர்றீங்க சார்?"

"மயிலாடுதுறை."

"ட்ரெய்ன்லயா? இதோடவா? கழட்டிட்டு வெறும் லேப்டாப்ப எடுத்துட்டு வந்திருக்கலாமே சார். மாடல் நம்பர் போதும் எனக்கு."

சரி, நியாயம்தான்.

அந்தப் பெண் வேலை செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப் அடிப்பாகத்தைக் கோட்டுருவமாக வரைந்தார். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றக் கழற்ற, படத்தில் அதே இடத்தில் தாளைக் குத்தி நிற்கவைத்தார். பத்து ஸ்க்ரூ. அதில் பின்பக்கத்து இரண்டு மட்டும் நீளம். நீள ஸ்க்ரூவை இடம் மாற்றி முடுக்கினால் மேல் பலகையைத் துளைத்துவிடும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடாம். எங்கள் ஊர் சர்வேயர் புலப்படம் வரைவதைவிடச் சுத்தமாக இருந்தது. அப்புறம் கிதார் வாசிக்கும் பிளாஸ்டிக் வில்லை ஒன்றை விளிம்பில் விட்டு, கொக்கி கொக்கியாக விடுவித்தார். இரும்பு எதையும் பேட்டரிப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. மூடி திறந்ததும் முதல் வேலை, பேட்டரி இணைப்பைப் போர்டிலிருந்து பிடுங்கியது. உப்பிய பேட்டரியை இரண்டு கையாலும் அப்பளத்தைத் தூக்குவது போலத் தூக்கி, மூலையில் இருந்த மணல் வாளிக்குள் வைத்தார். வாளியில் ஏற்கெனவே நாலைந்து கிடந்தன. சேர்ந்ததும் மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுத்துவிடுவார்களாம். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்வது தயாரிப்பாளர், இறக்குமதியாளரின் பொறுப்பு. வீட்டுக் குப்பையில் போட்டால், குப்பை வண்டி அழுத்தும் அழுத்தில் தீப்பிடிக்கவும் கூடும்.

பேட்டரி மூன்று தரத்தில் இருந்தது. லேப்டாப் கம்பெனிக்கே போகும் ஒரிஜினல் 3,800 ரூபாய், மாட்டுக்கூலி சேர்த்து. அடுத்தது, பொருந்தக்கூடிய வேறு கம்பெனிப் பேட்டரி, 2,200. மூன்றாவது, பழைய கூட்டுக்குள் செல் மட்டும் மாற்றியது. என்னுடைய மாடலுக்கு மூன்றாவதைச் செய்ய மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். ஒரிஜினல் என்று வாயால் சொல்வதைப் பத்திரம் எழுதுகிறவன் நம்புவானா? லேபிளைக் காட்டச் சொன்னேன். பிஐஎஸ் என்ற இந்தியத் தர அமைப்பின் முத்திரை, அதன்கீழ் ஆர் என்று தொடங்கும் பதிவு எண், 11.4 வோல்ட், 41 வாட் அவர், தயாரிப்புத் தேதி. தேதி நாலு மாதத்துக்கு முந்தியது. பெட்டி பிரிக்காத பேட்டரிக்கும் வயதாகும் என்பதால் நான் முக்கியமாகப் பார்த்தது அந்தத் தேதியைத்தான். இரண்டு வருடம் அலமாரியில் கிடந்த 'புதுப் பேட்டரி' ஓரளவு மூப்பு அடைந்திருக்கும்.

மாட்டி முடித்ததும் நான் கேட்காமலே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டினார். டிசைன் 41,040. இன்றைய கொள்ளளவு 41,300. சைக்கிள் 2. புதுசில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது உண்டு. சைக்கிள் 2 என்பதைப் பார்த்துத்தான் எனக்குத் திருப்தி வந்தது. கணக்கு எழுதுகிற பிள்ளை. பேட்டரியின் சீரியல் எண்ணை பில்லில் கையால் எழுதிக் கொடுத்தார். சர்வே எண் இல்லாத பத்திரம் செல்லுமா என்ன.

இனி அந்த ஒரு மதிப்பெண். இரண்டரை மணி நேரம் நின்றேன், உட்கார ஒரு நாற்காலி இல்லை. உத்தரவாதம் ஆறு மாதம்தான். ஜிஎஸ்டி பில் கேட்ட பிறகுதான் வந்தது. இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். படி இறங்கும்போது பின்னாலேயே வந்து ஒன்று சொன்னார்: "சார், முதல் தடவை எட்டு மணி நேரம் தொடர்ந்து சார்ஜ் போட்டுடுங்க." இவ்வளவு தெரிந்த மனிதர், இதைச் சொல்லியிருக்க வேண்டாம். அது பழைய நிக்கல் பேட்டரி காலத்து வைத்தியம். லித்தியம் பேட்டரி நிறைந்தவுடன் சர்க்யூட்டே சார்ஜை நிறுத்திவிடுகிறது. மிச்ச ஆறு மணி நேரம் சார்ஜர் சும்மாதான் சொருகியிருக்கும்.

ஆனால் அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. பேட்டரி விஷயத்தில் நம் வீடுகளில் மூன்று தலைமுறை வைத்தியம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1997இல் துபாயிலிருந்து வந்த அத்தான் ஒரு லேப்டாப் கொண்டுவந்தார், செங்கல் கனம். தெருவே வந்து பார்த்தது. அதில் இருந்தது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 'முழுசாத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும், இல்லேன்னா அது மறந்துடும்' என்பார். அவர் சொன்னது பொய்யில்லை. நிக்கல் காட்மியத்துக்கு 'மெமரி' என்ற வியாதி உண்டு. பாதியிலேயே நிறுத்தி நிறுத்தி ஏற்றினால் அந்தப் பாதியையே முழுசு என்று பழகிக்கொள்ளும். அதன் தம்பியான மெட்டல் ஹைட்ரைடுக்கு அது குறைவு. ஆனால் சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் கசியும். அத்தான் இன்றைக்கும் தன் செல்போனை ஒரு சதவீதம் வரை விட்டுத்தான் சார்ஜ் போடுகிறார்.

என் மனைவிக்குத் தெரிந்தது இன்வெர்ட்டர் பேட்டரி. 2012இல் நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்தில் வாங்கியது. இப்போது இருப்பது அதன் மூன்றாவது வாரிசு. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதெல்லாம் அவள் பொறுப்பு. "பேட்டரின்னா எப்பவும் ஃபுல்லா இருக்கணுங்க. பாதியில விட்டா செத்துடும்." அதுவும் உண்மை. ஈய அமில பேட்டரியைக் குறை சார்ஜில் போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அதற்கு எப்போதும் வயிறு நிறைந்திருக்க வேண்டும்.

மகள் சொல்வது மூன்றாவது: "ஃபுல்லும் வேண்டாம், காலியும் வேண்டாம். நடுவுல வைங்கப்பா." லித்தியம் அயனுக்கு இதுதான் சரி. அத்தான் வைத்தியமும் மனைவி வைத்தியமும் அதற்கு ஆகாது. என் ஒரிஜினல் பேட்டரி மூன்று வருடத்தில் படுத்ததற்குக் காரணமே, மனைவி பேச்சைக் கேட்டு எந்நேரமும் சார்ஜரிலேயே 100 சதவீதத்தில் வைத்திருந்ததும், தலைக்கு மேலே தகரம் காய்ந்ததும்தான்.

சோனி கம்பெனி 1991இல் லித்தியம் அயனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்காக 2019இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் கொடுத்தார்கள். அவர்களில் ஜான் குட்இனஃபுக்கு அப்போது வயது 97. மனிதர் நூறு வயது வரை இருந்துவிட்டு 2023இல்தான் போனார். அவருடைய பேட்டரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, செய்த நாளிலிருந்தே தேயத் தொடங்கிவிடுகிறது. ஒரு செல்லின் வழக்கமான முழு சார்ஜ் 4.2 வோல்ட். அந்த உச்சியில் நிறுத்திவைத்தால் உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமெடுக்கும், சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். பேட்டரி யுனிவர்சிட்டி என்ற தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு ஒரு வருடம் வைத்தால் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும், முழு சார்ஜோடு வைத்தால் 80. அதையே 40 டிகிரியில் வைத்தால் முறையே 85, 65. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்தபோது எனக்குச் சித்திரை மாதத்துக் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது.

சார்ஜரிலேயே விட்டால் 'ஓவர் சார்ஜ்' ஆகிவிடும் என்ற பயம் மட்டும் வேண்டாம். அதைத் தடுக்க சர்க்யூட் இருக்கிறது. உச்சியிலேயே உட்கார்ந்திருப்பதுதான் தொந்தரவு. அதனால் 80இல் நிறுத்தும் வசதியைப் போட்டுவிடுவதே சுலபம். அநேகமாக எல்லாக் கம்பெனி லேப்டாப்பிலும் ஏதோ ஒரு பெயரில் இது ஒளிந்திருக்கிறது. லெனோவாவில் கன்சர்வேஷன் மோட் என்பார்கள், ஆசஸில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங், ஹெச்பியில், விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயோஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். என்னுடையதிலும் இருந்தது. மூன்று வருடம் கண்ணில் படவே இல்லை. முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும் 100க்கு ஏற்றிக்கொள்கிறேன். மற்ற நாளெல்லாம் 80 போதும். நாள் முழுக்கக் கரண்ட் நிற்கும் பராமரிப்பு நாள் அறிவித்தாலும் முந்தின ராத்திரி 100தான்.

கீழ்ப்பக்கமும் கவனம் வேண்டும். 20க்குக் கீழே போகவிடாமல் பார்ப்பது நல்லது. அதைவிட முக்கியம், தீர்ந்துபோன பேட்டரியை மாதக்கணக்கில் அப்படியே போட்டுவைக்கக் கூடாது. வோல்டேஜ் மிகவும் கீழே இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் செம்புத் தகடே கரையத் தொடங்கும், அப்புறம் சார்ஜ் ஏற்ற சர்க்யூட் சம்மதிக்காது. தங்கை மகள் பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப் இப்படித்தான் போனது. படிப்பு முடிந்ததும் பீரோவுக்கு மேலே ஏற்றிவைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து எடுத்தபோது சார்ஜரில் போட்டால் மட்டும் ஓடியது. பாதி சார்ஜில் அணைத்து, மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் பிழைத்திருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அத்தான் வைத்தியத்துக்குப் பாதி மரியாதை உண்டு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 100க்கு ஏற்றி, கீழே வரை இறக்கி, மறுபடி ஏற்றினால் சதவீதக் கணக்கு சரியாகும். இது பேட்டரிக்குச் செய்யும் உபகாரம் இல்லை, கணக்கு எழுதும் சிப்புக்கு. நிலத்தை மறுபடி அளந்து பட்டாவைத் திருத்துகிற மாதிரி. நிலம் ஒரு சென்ட்கூடக் கூடாது, காகிதம் நேராகும், அவ்வளவுதான். மாதாமாதம் அளந்தால் சங்கிலி தேய்ந்துவிடும்.

மகளுடையது எம்1 மேக்புக் ஏர், 49.9 வாட் அவர் பேட்டரி. அவள் எதுவும் செய்வதில்லை. அதுவே அவள் பழக்கத்தைப் பார்த்து 80இல் நிறுத்தி, அவள் கழற்றும் நேரத்துக்கு முன் மிச்சத்தை ஏற்றிக்கொள்கிறது. மேக்புக்குக்கு 1,000 சுற்று என்று ஆப்பிள் கணக்குச் சொல்கிறது. சாதாரண லேப்டாப் பேட்டரிக்கு 300 முதல் 500. சுற்று என்றால் சார்ஜர் சொருகிய தடவை இல்லை. இன்று பாதி செலவழித்து ஏற்றி, நாளை பாதி செலவழித்து ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஒன்று.

என் பேட்டரிக்கு இந்த ஐப்பசியில் எடுத்த சான்று: 38,700. சைக்கிள் 131. பிறந்ததில் 94 சதவீதம் இருக்கிறது. முன்பு இருந்த ஒரிஜினல் முதல் வருடக் கடைசியில் எவ்வளவு இருந்தது என்று நான் பார்த்ததில்லை, ஒப்பிட வழியில்லை. கொட்டகையில் மூன்றே முக்கால் மணி நேரம் தாங்குகிறது. 40இலிருந்து 39, அதிலிருந்து 38 என்று மரியாதையாக இறங்குகிறது. தகரத்துக்கு அடியில் தென்னங்கீற்று வேய்ந்தேன், அதற்கு ஆன செலவு பேட்டரி விலையைவிட அதிகம். மனைவி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு நாள்.

அடுத்து அந்தக் கடைக்கு எடுத்துப்போக வேண்டியது என் பழைய திங்க்பேட் பேட்டரி. பின்னால் தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும் அந்தக் காலத்து ரகம். உள்ளே 18650 என்ற உருளை செல் ஆறு. 18 மில்லிமீட்டர் குறுக்கு, 65 நீளம் என்பதே அதன் பெயர். இரும்புக் குப்பிக்குள் இருப்பதால் இது உப்பிக் காட்டாது, சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும். இந்த ரகத்துக்கு மட்டும் செல் மாற்றித் தருகிறேன் என்றார் கடைக்காரர். சால்டரிங் வைக்காமல், நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டு அடித்து. செல் வாங்குவதற்கு ஒரு சூட்சுமமும் சொன்னார். 9,800 மில்லி ஆம்பியர் அவர் என்று அச்சிட்ட செல்லைக் கையில் எடுத்தாலே பொய் தெரியுமாம். நல்ல 18650இல் பெரும்பாலும் 3,500 வரைதான் கிடைக்கும். எடை 45 கிராமுக்குக் குறையக் கூடாது. போலி பஞ்சு மாதிரி இருக்கும். மேசையில் ஒரு தராசே வைத்திருக்கிறார், விற்பதற்கு முன் வாடிக்கையாளர் கண்ணெதிரே நிறுத்துக் காட்டுகிறார். எட்டு மணி நேர சார்ஜ் பேச்சை மன்னித்தது இதற்காகத்தான்.

போன வாரம் அந்தப் பழைய பேட்டரியை எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 318 கிராம். ஆறு செல்லும் உள்ளே முழுசாக இருக்கிறது. அண்ணாச்சி தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது கிலோ என்ன விலை சார்?"